ஒன்றை விட்டுவை

தேவனாம்பட்டினம் கடற்கரையில்
ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கு மேல்
பஜ்ஜிக் கடை வாணலிகள் ஆறும்வரை
கேனோடு நிற்பேன்.
லிட்டர் முப்பது ரூபாய்.
கறுத்துப்போய், மிளகாய் விதை மிதக்கும் எண்ணெய்.
"இத வாங்கி என்னம்மா பண்ற?"
கேட்டவர் சில்லறை எண்ணுவதை நிறுத்தவில்லை,
நானும் பதிலை முடிக்கவில்லை.

வடிகட்டி, மெத்தனால் ஊற்றிக் கிளறி,
கிளிசரின் பாகுபோல் அடியில் இறங்கியபின்
மேலே நிற்பது டீசல் மாதிரி.
மாதிரிதான்.
சூடேற்றிக் காற்றை ஊதும் கருவியில்
இரண்டே கால் மணி நேரம் தாங்கியது.
கேட்பதோ எட்டு.

போன ஆவணியில் அஞ்சாப்புலி அண்ணன்
தன் ஃபைபர் படகுக்கு இருபது லிட்டர் கொண்டுபோனார்.
மூன்றாம் வாரம் பன்னிரண்டு பாகத் தண்ணீரில்
இன்ஜின் நின்றது.
இன்னொரு படகு கயிறு போட்டு இழுத்துவர,
சிங்காரத்தோப்புத் துறையில்
சிரிப்பு அடங்க நெடுநேரம் ஆனது.
ஃபில்டரைத் திறந்தால் பழுப்புப் பிசின்.
எண்ணெய்தான் குற்றவாளி என்றார்கள்.
நான் குழாயைத் தடவிப் பார்த்தேன்.

செம்பு.
ஒரு முழம் செம்பு,
தான் தேய்ந்த சுவடே இல்லாமல்
டேங்கு மொத்தத்தையும் கெடுத்து வைத்திருந்தது.

மருந்தும் உலோகம்தான்.
நிக்கல். ஒரு சிட்டிகை மூக்குப்பொடி அளவு சாம்பல் தூள்.
ஹைட்ரஜன் சிலிண்டர் புதுச்சேரியிலிருந்து வரும்;
வேன்காரர் கோதண்டபாணி
கேட்டுக்கு வெளியே பீடியை அணைத்து, மிதித்து,
இன்னொரு முறை மிதித்துவிட்டு உள்ளே வருவார்.
எண்ணெயின் நீண்ட சங்கிலியில்
காற்று கைவைக்கும் இடங்கள்,
அந்த இரட்டைப் பிணைப்புகள்,
ஒவ்வொன்றாய் மூடிக்கொள்ளும்.

முதல் தடவை பேராசையில்
எல்லாவற்றையும் மூடிவிட்டேன்.
கெடவே கெடாத எரிபொருள்!
மறுநாள் பார்த்தால் ஜாடிக்குள் மெழுகு.
மார்கழி கூட வேண்டியிருக்கவில்லை,
ஐப்பசி மழைக்காற்றே போதுமாயிருந்தது.
கவிழ்த்தேன், விழவில்லை.

அப்புறம் பதினொரு தடவை.
நேரத்தைக் குறை. சூட்டை இறக்கு.
மூன்று உள்ளதில் இரண்டை மூடு,
ஒன்றை விட்டுவை.
பாதியில் நிறுத்தத்தான்
இத்தனை மாதம் பிடித்தது.

வினையூக்கி மாறாது என்கிறது பாடப்புத்தகம்.
ஆறாம் சுற்றில் அது சோர்ந்ததைப் பார்த்தவள் நான்.
மாவில் கரைந்த உப்பு, பூண்டின் கந்தகம்,
யாரோ கழுவாத வாணலியின் கரி,
எல்லாம் அதன் மேல்தான் படிந்தன.
கழுவி, உலையில் சுட்டு,
மறுபடி ஹைட்ரஜன் காட்டியதில்
முக்கால் பங்கு உயிர் வந்தது.
மீதி வரவில்லை.
நோட்டில் அதையும் எழுதினேன்.

முந்தாநாள் கருவி காட்டியது
ஒன்பது மணி பத்து நிமிடம்.
விடிகாலை நாலு மணிக்கும் ஜாடி தெளிவாய்.

இன்று துறைக்குப் போனேன்,
ஒரு கையில் ஐந்து லிட்டர் கேன்,
மறு கையில் எஃகுக் குழாய்.
அண்ணன் கேனைப் பார்க்கவில்லை.
"மொதல்ல குழாய மாத்து" என்று ஸ்பேனரை நீட்டினார்.
கழற்றிய செம்பை
பழைய இரும்புக் கடைக்கென்று
துண்டில் முடிந்துகொண்டார்.

இழுத்தார். இரண்டாம் இழுப்பில் பிடித்தது.
முகத்துவாரம்வரை புகையில்
மிளகாய் பஜ்ஜி வாசம்.
"பன்னெண்டு பாகம் தாண்டி போன் பண்றேன்."

மணி பத்தரை.
கை தன்னாலேயே பையைத் தொடுகிறது.
இன்னும் அடிக்கவில்லை.