உறை

இந்த நாட்டில் ஊருக்கும் ஊருக்கும் இடையே சாலை கிடையாது.
படகு உண்டு. விமானம் உண்டு.
பனி இறுகினால் நாய்வண்டி.
எதிலும் டிக்கெட் எடுக்காமல் ஏறிவிடும் வெட்டை நோய்.
சிசிமியூட்டில் பதினோரு வருடமாக
அதன் பின்னால் நடக்கிறவள் நான்.

செவ்வாய்க்கிழமை உயார்னெக் வந்தான்,
இறால் கப்பலில் வலை இழுப்பவன்.
நாற்காலி நுனியில் உட்கார்ந்து
எட்டு நிமிடம் வானிலை பேசினான்.
பிறகு சன்னலைப் பார்த்துக்கொண்டு,
"ஒன்றுக்குப் போனால் கண்ணாடித்தூள் இறங்குகிறது."

ஒரு சொட்டுச் சீழ். ஒரு கண்ணாடித் தகடு.
சாயம், கழுவல், மறுபடி சாயம்.
லென்சுக்கடியில் வெள்ளணுக்களின் வயிற்றுக்குள்
இளஞ்சிவப்பாய் இரண்டிரண்டு,
பிளந்த காப்பிக்கொட்டை முகம் பார்த்து நிற்பதுபோல்.
எத்தனை தடவை பார்த்தாலும்
ஜோடியாகத்தான் இருக்கின்றன, பாவிகள்.

எந்த மருந்துக்குச் சாகும், எதற்குச் சிரிக்கும் என்றறிய
இன்னொரு சொட்டைத் தட்டில் இட்டு விமானத்துக்கு அனுப்பினேன்.
மூடுபனி. விமானம் இரண்டு நாள் எழும்பவில்லை.
தட்டிலிருந்தது குளிரில் செத்துப்போனது.
உடம்புக்கு வெளியே அதற்கு ஒரு ராத்திரி தாங்காது.
அதனால்தானோ என்னவோ
உடம்பிலிருந்து நேரே உடம்புக்கே போகிறது.

மாத்திரைகளை ஒவ்வொன்றாய்த் தின்று செரித்துவிட்ட கிருமி இது.
நம்பிக் குத்த மிச்சமிருப்பது ஓர் ஊசி.
இடுப்பில் போட்டேன்.
"ஏழு நாள் யாரோடும் படுக்கக் கூடாது."
"இருபது நாள் கடலில். இறாலோடா?"
அப்போதுதான் முதன்முதலாய்ச் சிரித்தான்.

இரண்டு மாதத்துக்குள் யார் யார் என்றேன்.
நூக்கில் ஒருத்தி: பெயர், எண், இரண்டும் சொன்னான்.
இன்னொருத்திக்குப் பெயரில்லை.
பையிலிருந்து ஒரு ஜோடிக் கையுறை எடுத்தான்.
சிவப்புக் கம்பளி. மணிக்கட்டில் வெள்ளைக் கட்டம்.
கிழிந்த கட்டைவிரலில் பச்சை நூலால் மீன்முள் தையல்.
"துறைமுகத்திலிருந்து நடந்தோம். விரல் மரத்துவிட்டது என்றேன்,
கழற்றிக் கொடுத்தாள்."

கைக்கு உறை கேட்டிருக்கிறான், தந்திருக்கிறாள்.
மற்ற உறையை
அவனும் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை.
அது என் வாசல் கூடையில் இலவசமாய்க் குவிந்து கிடக்கிறது,
எல்லாமே உறைகிற ஊரில்.

கையுறையை ஊருக்குள் காட்ட முடியாது.
காட்டினால் நோயைவிட வேகமாய்ப் பேச்சு பரவும்.
பச்சைத் தையலை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு
ஒன்பது நாள்
மனிதர்களின் முகத்தைப் பார்க்காமல் துணியைப் பார்த்தேன்.

கடையில், கல்லாவில்,
ஒரு முழங்கையில் அதே மீன்முள்.
அவியாயா. என் கூடையிலிருந்த ரொட்டிக்குக் காசு வாங்கினாள்.
மாலையில் போன் செய்தேன்.

"எனக்கு ஒன்றும் இல்லையே."
பெண்களிடம் பெரும்பாலும் அது ஒன்றும் சொல்வதில்லை என்றேன்.
"யார் சொன்னது?"
அதைச் சொல்லமாட்டேன். உங்களைப் பற்றியும் சொல்லமாட்டேன்.

திரைக்குப் பின்னால் தானே பஞ்சுக்குச்சி எடுத்துக் கொடுத்தாள்.
முடிவு வந்த அன்று அழவில்லை.
மூன்று மாதம் என்றாள், வயிற்றைத் தொடாமல்.
யாருக்கும் இன்னும் தெரியாதாம்.
அப்படியே விட்டிருந்தால்
பிள்ளை வெளியே வரும் வழியில்
கண்ணில் கை வைத்திருக்கும் இது.
அதே ஊசி. பிள்ளைக்கும் ஆபத்தில்லாதது.
பிள்ளையின் அப்பன் இலுலிசாட்டில்.
அவனுக்கு ஒரு போன். அவன் சொன்ன ஒருத்திக்கு ஒரு போன்.

கப்பல் திரும்பியதும் உயார்னெக் மறுசோதனைக்கு வந்தான்.
சுத்தம்.
மேசைமேல் கையுறையை வைத்தான்.
"அவளிடம் கொடுத்துவிடுங்கள்."
"யாரிடம்?" என்றேன். "எனக்கு யாரையும் தெரியாதே."

என்னையே பார்த்தான்.
கையுறையை எடுத்துக்கொள்ளவில்லை.
கூடையிலிருந்து ஒரு பிடி அள்ளிப் பையில் திணித்துக்கொண்டு போனான்.

இழுப்பறையில் சிவப்பாய்க் கிடக்கிறது.
வெளியே அடுத்தவர்
வானிலையைத் தொடங்கத் தொண்டையைச் செருமுகிறார்.