காரணம்: மற்றவை

காலை பத்து மணிக்குப் பதிவு திறக்கும் என்றிருந்தது.
ஒன்பது ஐம்பதுக்கே
எட்மன்டன் தபால் பிரிக்கும் ஆலையின் தரிப்பிடத்தில்
காருக்குள் இருந்தேன்,
இரவு வேலைக் கையுறைகூடக் கழற்றாமல்.
கடனட்டை மடியில்.
கடவுச்சீட்டு பல்லிடுக்கில்.

படித்தது நாலாம் நிலைக்கு.
பதினாலு மாதம்.
சாப்பாட்டு இடைவேளை அரைமணியில்
பத்து நிமிடம் புட்டுக்கு, மிச்சம் எழுத்துக்கு.
ரொவீனா அட்டையைத் தூக்கிப் பிடிப்பாள், தலைகீழாக.
எது மேல் எது கீழ் என்று அவளுக்குத் தெரியாது.
நானும் திருத்தவில்லை.
தலைகீழாகவே வாசிக்கப் பழகிவிட்டேன்.

முதலில் அந்த மொழி என்னை நன்றாக ஏமாற்றியது.
அ, இ, உ, எ, ஒ.
பிறகு க, ச, த, ந.
நம் நெடுங்கணக்கை யாரோ இரவல் வாங்கிப் போய்
பாதியைத் தொலைத்துவிட்ட மாதிரி.
வினை கடைசியில்தான் வரும் என்றதும்
காலை நீட்டி உட்கார்ந்துவிட்டேன்.
இருபது வருட ஆங்கிலத்தில்
வாய் திறந்த உடனேயே
வந்தேனா போனேனா என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.
இங்கே வாக்கியம் முடியும்வரை
மனத்தை மாற்றிக்கொள்ளலாம்.

அந்தக் கொழுப்பெல்லாம் காஞ்சியில் கரைந்தது.
வீட்டில் அதற்குக் கஞ்சி என்றே பேர்.
"இரவும் கஞ்சியோ?" என்பார் குலேந்திரன்,
தோசையைத் திருப்பிக்கொண்டே.
முந்நூறு கஞ்சி.
ஆறவைத்து ஆறவைத்துக் குடித்தேன்.

பத்து மணி.
வட்டம் சுற்றியது, சுற்றியது.
பத்து மணி நாலு நிமிடம்.
நாலாம் நிலை: இடமில்லை.
மூன்றாம் நிலை: இரண்டு இடம்.
விரல் என்னைக் கேட்கவில்லை.

பெயர், கடவுச்சீட்டில் உள்ளபடி.
பொழிலரசியின் ழகரத்தைக்
கொழும்பில் ஒரு கந்தோரே எப்போதோ எடுத்துவிட்டது.
லகரத்தோடு விமானம் ஏறினேன்.
ஜப்பானில் அதுவும் செல்லாதாம், ரகரம் ஒன்றுதான்.
ஆக, நான் பொரிரரசி.
கஞ்சிக்குப் பொரி.

தாய்மொழி, பட்டியலில் தேடவும்.
தேடினேன். இருந்தது,
தனக்கென்று ஒரு இலக்கத்தோடு.
யாருடன் ஜப்பானிய மொழி பேசுகிறீர்கள்?
ஆசிரியர், நண்பர், குடும்பம், சக ஊழியர்.
கார்க் கண்ணாடியைப் பார்த்தேன்.
அதற்குப் பெட்டி இல்லை.

ஏன் எழுதுகிறீர்கள்?
படிப்பு. வேலை. பதவி உயர்வு.

மூன்று குளிர்காலத்துக்கு முன்
பட்டையில் ஓடிவந்தது ஒரு தபாலட்டை.
ஈரம் பட்டு முகவரி ஊறிப்போய்
இயந்திரம் துப்பி, என் கையில் விட்டது.
எந்த டாக்டரின் கிறுக்கலையும் வாசிக்கிற கண் இது.
தோற்றது.
ஒரேயொரு எழுத்து மட்டும் ஊறாமல் நின்றது:
மேலே கூரைக்குள் நாலு துளி,
கீழே பல் உதிர்ந்த சீப்பு.
அட்டை வந்த வழியே திரும்பிப் போயிற்று.
எழுத்து போகவில்லை.
அது பனி என்று தெரிந்த அன்று
வாசலில் முழங்கால் உயரம் கிடந்தது.
சவளை ஊன்றி நின்று பார்த்தேன்.
மேலே மழை, கீழே ஒரு கை.
அள்ளக்கூடிய மழை.
சரிதானே.

இதை எந்தப் பெட்டியில் எழுதுவது.
மற்றவை என்று அழுத்தினேன்.
பணம் போனது.
டிசம்பர் முதல் ஞாயிறு. எச்பி பென்சில். அழிறப்பர்.
கைபேசி அணைத்திருக்க வேண்டும்.

ரொவீனா கண்ணாடியைத் தட்டினாள்.
"கிடைச்சதா?"
எனக்குத் தெரிந்த ஜப்பானியத்தில் ஆரம்பித்தேன்:
நான், நாலுக்குப் படித்துவிட்டு, மூன்றாம் நிலையை,
இன்னும் முந்நூற்றைம்பது எழுத்து தெரியாமல்,
பதினொரு கிழமையில்...

அவள் வாயைப் பார்த்தபடி நின்றாள்.
இருக்கட்டும்.
வினைக்கு இப்போது அவசரமில்லை.