ஆறாவது கட்டம்

கேரி நகரில் எனக்குத் தெரிந்த வானம்
ஆரஞ்சு நிறம்.
எஃகு ஆலை இரவெல்லாம் மூச்சுவிடும்.
அதற்கு மேலே நிலா மட்டும்
கடன்காரனைப் போல் தவறாமல் வந்து நிற்கும்.
நட்சத்திரங்களை நான் நூலகத்தில்தான் பார்த்தேன்,
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்,
யாரோ சிந்திய காபிக் கறையோடு.

சேர்க்கைக் கடிதம் வந்த அன்று
அம்மா அதைச் சூதாட்ட விடுதியின்
சலவைக்கூடத்துக்கு எடுத்துப்போனாள்.
ஈரக்கை துடைத்துவிட்டு ஆளாளுக்கு வாசித்தார்களாம்.
எனக்கு அடக்கம் போதாது, சொல்லிவிடுகிறேன்.
வால்நட்சத்திரம் ஒன்றுக்கு என் பெயர் விழ வேண்டுமென்று
அந்த வாரமே முடிவு செய்துவிட்டேன்.
பெட்டிஃபோர்ட்.
சொல்லிப் பாருங்கள், நன்றாகத்தான் இருக்கிறது.

இங்கே, மாசசூசெட்ஸில்,
செங்கல்லுக்கும் வயது சொல்கிறார்கள்.
முதல் வாரம், சாப்பாட்டுக்கூடத்தில் ஒருவன்
எந்த விளையாட்டு என்று கேட்டான்.
எதுவுமில்லை என்றேன்.
அப்புறம் எப்படி, என்று தொடங்கியவன்
உப்புக்குப்பியைப் பார்த்தபடி நிறுத்திக்கொண்டான்.
அந்தப் பாதி வாக்கியம் என் பின்னாலேயே அறைக்கு வந்தது.
வாடகை தராமல்
இன்னும் அங்கேதான் குடியிருக்கிறது.

நேற்றிரவு வானாய்வுக்கூடத்தில் என் முறை.
ஒன்றையொன்று சுற்றும் இரட்டை நட்சத்திரம்.
மங்கலானது பிரகாசமானதன் குறுக்கே வரும்;
ஒளி ஆகக் குறைவது இரண்டு பதினேழுக்கு.
தவறவிட்டால் பதினோரு நாள்.
கம்பளிக் குல்லாய், கையுறை,
சிவப்புத் தாள் ஒட்டிய கைவிளக்கு.
கண் இருட்டுக்குப் பழக அரைமணி நேரமாகும்.
பழகியது.

இரண்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது
முகத்தில் வெள்ளை வெளிச்சம்.
கல்லூரிக் காவலர்கள், இருவர்.
குவிமாடத்தருகே ஓர் ஆள் நடமாடுகிறான்,
கையில் ஏதோ வைத்திருக்கிறான் என்று
யாரோ தொலைபேசியில் சொன்னார்களாம்.
ஏதோ என்பது சாவி.
அட்டையை நீட்டினேன், மெதுவாக,
பத்து வயதில் அம்மா பழக்கியபடி
விரல்கள் எல்லாம் தெரிய.
மூத்தவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
மறுபடி படத்தை.
கம்பியில்லாக் கருவியில் என் பெயரை
எழுத்தெழுத்தாக ஓதினார்.
ஓர் எழுத்தை விட்டுவிட்டார், திருத்தினேன்.
அப்படித்தான் என் பெயர்
முதன்முதலாக வானலை ஏறியது.

பதில் வர நெடுநேரம் ஆனது.
இளையவர் மன்னிப்புக் கேட்டார், மனதாரத்தான்.
குளிரில் அவருக்கும் மூக்கு ஒழுகியது.
நானும் பார்க்கலாமா என்றார்.
நகர்ந்து இடம் விட்டேன்.
ஏன் விட்டேன் என்று இப்போதும் தெரியவில்லை.
வெறும் புள்ளிதானே, என்றார்.
ஆமாம், புள்ளிதான்.

அவர்கள் போன பிறகு பதிவேட்டைத் திறந்தேன்.
ஆறாவது கட்டம்: தடை இருப்பின் காரணம்.
எனக்கு முன்னால் எழுதியவர்கள்
பக்கம் பக்கமாக
மேகம். மேகம். காற்று. பனிமூட்டம்.
ஓரிடத்தில், வௌவால்.
வெளியே வானம்
கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது.
நான் மேகம் என்று எழுதினேன்.
கை அப்படிப் பழகியிருக்கிறது.

பிறகு அடித்தேன்,
அடித்தது படிக்கத் தெரியும்படி
ஒற்றைக் கோடாக, அதுதான் இங்கே விதி.
பக்கத்தில் எழுதினேன்:
1.55 முதல் 2.38 வரை
பார்வையாளர் பார்க்கப்பட்டார்.

விரல் மரத்துப்போயிருந்தது.
பதினோராம் நாளுக்கு நேரே
மறுபடி என் பெயரைப் போட்டேன்,
ஓர் எழுத்தும் விடாமல்.