பொருள் இல்லாத கோரிக்கை

மொந்தேவிதேயோவில் ஆகஸ்ட் குளிர்.
பேருந்துப் பணிமனையின் மாடியில் எனக்கொரு மேசை.
தொலைந்த பொருள் பதிவேடுகள் பதினேழையும்
மாத முடிவுக்குள் எக்ஸ்எம்எல்லில் கட்டித்தர வேண்டும்.

முதல் நாள் சுலபம்.
<பொருள்> என்று திறந்தால்
</பொருள்> என்று மூடு.
உள்ளே திறந்ததை உள்ளேயே மூடிவிட்டு
வெளியே வா,
அடுப்பை அணைத்துவிட்டு வாசலைப் பூட்டுகிற ஒழுங்கில்.

<குடை நிறம்="கறுப்பு" தடம்="156"/>
குடை அல்லவா,
தானே மூடிக்கொள்கிறது.

பதிவேட்டை எழுதிய ஒதிலோன் பெரெய்ரா
இப்போது சால்தோவில் தேனீ வளர்க்கிறாராம்.
எதையும் எதோடும் & போட்டுக் கோர்ப்பார்:
ஒரு செருப்பு & பாதி ரொட்டி,
மேல்வரிசைப் பல்செட் & ஜெபமாலை.
அந்த முடிச்சு தொண்டையில் சிக்கி
ஒவ்வொரு முறையும் பார்சர் விழுந்தது.
இழுத்து நீட்டி எழுதித் தந்தபின்தான் விழுங்கியது.

<மேளக்குச்சி எண்ணிக்கை="1"/>
தவறு என்றது, நான் வகுத்த விதி:
குச்சிகள் ஜோடியாகத்தான் வரும்.
மாத்தே உறிஞ்சியபடி எலோய் சிரித்தான்.
"கந்தோம்பேக்குக் குச்சி ஒன்றுதான்.
மறு பக்கம் வெறும் கை."
விதியைத் திருத்தினேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

பிறகு ஒன்பதாம் பதிவேடு.
'வியாழன். பச்சைக் கோட்டுப் பெண் வந்தார்.
எதுவும் கேட்கவில்லை.
ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்தார். போனார்.'
அடுத்த வியாழன், அதே.
அதற்கடுத்த வியாழன்
'வந்தார்' மட்டும்.

திரையில் சிவப்பு:
வரி 4112. <பொருள்> எதிர்பார்க்கப்பட்டது. கிடைக்கவில்லை.
வரி 4139. <பொருள்> எதிர்பார்க்கப்பட்டது. கிடைக்கவில்லை.
இப்படிப் பதினொரு வரி.

"அழித்துவிடு" என்றான் எலோய்.
பிறகு அவனே,
"சரி, குறிப்புரைக்குள் போடு. இருக்கும்,
யாரும் படிக்கமாட்டார்கள்."
போட்டுப் பார்த்தேன். சிவப்பு போய்விட்டது.
தேநீர் ஆறும்வரை அப்படியே விட்டு வைத்தேன்.

பிறகு வெளியே எடுத்தேன்.
ஸ்கீமாவைத் திறந்து
ஒரு கோரிக்கையில் குறைந்தபட்சப் பொருள்
ஒன்று என்றிருந்த இடத்தில்
சுழியம் என்று அடித்தேன்.
மாறியது ஒரே ஓர் எழுத்து.
மறுபடி ஓடவிட்டேன். பிழை இல்லை.

திங்களன்று நிர்வாகத்திலிருந்து தொலைபேசி:
பொருளே இல்லாமல் பதினொரு கோரிக்கையா, எதற்கு?
நான் வார்த்தை தேடுவதற்குள்
எலோய் ஒலிவாங்கியைப் பிடுங்கிச் சொன்னான்:
"ஹீட்டர் செலவுக்குக் கணக்கு, ஐயா."