நூற்றுப் பதினேழாவது சுற்று

பாம்பனில் மூடிக்கிடந்த ஐஸ் ஃபேக்டரியை
ஆறு மாதத்துக்கு வாடகைக்குப் பிடித்தோம்.
எங்களுக்கு வேண்டியது இருட்டு மட்டும்.
அது அங்கே ஏற்கெனவே உறைந்திருந்தது.

ஒற்றை சிலிண்டர் எஞ்சின்.
பக்கச்சுவரில் இரும்புக்குப் பதில் குவார்ட்ஸ்.
காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை
நம்புசெல்வி அதைத் துடைப்பாள்.
துணியை மடித்து வைத்துத் திரும்புவதற்குள்
உப்புக்காற்று தன் கட்டைவிரலை
ஒற்றிவிட்டுப் போயிருக்கும்.

லேசரை முதலில் கோடாக்கி
கோட்டை லென்ஸில் விரித்துத் தாளாக்குவோம்,
நகத்தைவிட மெல்லிய தாள்.
கண்ணுக்குத் தெரியாது. கண்ணைப் பறிக்கத் தெரியும்.
அது சிலிண்டரைக் குறுக்கே அறுக்கும்போது
உள்ளே பறக்கும் எண்ணெய் மினுங்கும்.
ஓர் இமைப்பைக் கோடியாய்க் கூறுபோட்டு
அதில் ஒரு கூறு நேரம் மட்டும்
கேமரா விழித்து மூடிக்கொள்ளும்.
ஒரு சுற்றுக்கு ஒரே படம்.

காற்று தொடாத எண்ணெய் பளீரென்று நிற்கும்.
ஆக்சிஜன் போய்ச் சேர்ந்த இடத்தில் வெளிச்சம் குறையும்.
மங்கல்தான் இங்கே நல்ல சேதி.
பணம் தரும் கம்பெனிக்கு இதைப் புரியவைக்க
எனக்கு மூன்று மீட்டிங் ஆனது.

ஓலைக்குடா ரெமிஜியுஸ்
பக்கத்துப் பட்டறைக்குப் புரொப்பல்லர் கொண்டுவந்தவர்,
சத்தம் கேட்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.
கேனைத் திறந்து மோந்தார்.
“என்னங்க இது, தண்ணி மாதிரி?”
பங்க் பெட்ரோல் தானாகவே கண்டபடி மினுங்கும், அளவு கெட்டுப்போகும்,
அதனால் சுத்த எண்ணெயில் அளந்து ஊற்றிய டொலுவீன்
என்றாள் நம்புசெல்வி.
“நாங்க மண்ணெண்ண ஊத்தி ஓட்டுறோம். அதுல பாதி தண்ணி.”
சிரித்தார். நாங்களும் சிரித்தோம்,
கொஞ்சம் தாமதமாக.

முந்நூறு சுற்றின் சராசரியைத் திரையில் போட்டேன்.
நடுவில் பிரகாசம், ஓரம் போகப்போகத் தணிவு.
“சொறி மிதக்குறாப்ல இருக்கு” என்றார்.
இருந்தது. ஆனால்
இப்படி ஒரு சுற்று நடக்கவே இல்லை.
நடந்தவை வேறு:
கிழிந்த வலையாய் ஒன்று,
ஓடுகிற பஸ்ஸிலிருந்து துப்பிய வெற்றிலைச் சாறாய் ஒன்று.
நூற்றுப் பதினேழாவதில்
எண்ணெய் முழுக்க ஒரு மூலையில் ஒதுங்கிவிட்டது,
ஸ்பார்க் பிளக்கின் வாயருகே வெறும் காற்று.
பொறி பறந்தது. பற்றவில்லை.
நூற்றுப் பதினெட்டு பற்றியது.
எஞ்சின் யாரிடமும் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.
பற்றாதவை இரண்டு சதவீதம்
என்று அறிக்கையில் ஒரு வரி வரும்.

ரெமிஜியுஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
“அடுத்தது பத்தலேன்னா?”
அதற்கடுத்தது பற்றும்.
“அதுவும் பத்தலேன்னா?”

போன வருஷம் கச்சான் அடித்த ராத்திரி
மச்சினன் கஸ்பாரின் வள்ளத்தில்
கயிற்றை இழுத்து இழுத்து இருவருக்கும் உள்ளங்கை உரிந்ததாம்.
நீவாடு வடகிழக்கே கொண்டுபோனது.
தண்ணீரில் கோடு எதுவும் தெரியவில்லை,
விளக்கடித்து வந்த கப்பலுக்குத் தெரிந்தது.
நாலு மாதம் கழித்து ஆட்கள் திரும்பினார்கள்.
வள்ளம் அக்கரையில் வெயிலில் காய்கிறது
எஞ்சினோடு.

“அத இங்க கொண்டாந்து மாட்டுனா
அன்னிக்கு நின்ன சுத்து இதுல தெரியுமா?”

தெரியாது என்றேன்.
இனி நடப்பதைத்தான் பிடிக்கலாம்.

தலையை ஆட்டினார்.
நூற்றுப் பதினேழை மட்டும் ஒரு பிரிண்ட் கேட்டார்.
பிரிண்டரில் நீலம் தீர்ந்திருந்தது,
படம் செம்மண் நிறத்தில் வந்தது.
சுருட்டி, புரொப்பல்லரின் இலைகளுக்கிடையே செருகிக்கொண்டு
கிளம்பிப் போனார்.

அறிக்கையின் முகப்புக்குச் சராசரிப் படத்தைத்தான் அனுப்பினேன்.
பிறகு தூக்கம் வராமல்
முந்நூறையும் மறுபடி ஓட்டி
பற்றாதவற்றைத் தனி ஃபோல்டரில் போட்டேன்.
ஆறு.
அவற்றில் இரண்டு
அடுத்தடுத்த எண்.