ஒன்பது வோல்ட்

ஆம்னியின் முன்சீட்டில்
பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறது
வீட்டு டியூனர்.
ஷோகேஸுக்கென்று செய்தது.
அகன்ற முகம், பச்சை எழுத்து,
நெற்றியில்
ஆறுமுகநயினார் கிழிக்கவிடாத விலைச்சீட்டு.
"வாறவன் போறவன் பாக்கட்டும்" என்பார்.

அந்த வீட்டை விட்டு இறங்கிய அன்று
தூக்கிக்கொண்டது இது ஒன்றைத்தான்.
ஏன் என்று கேட்காதீர்கள்,
கைக்கு எட்டியது.
அடாப்டர் சுவரிலேயே தங்கிவிட்டது.

ஜங்ஷன் கடைப் பையன் இன்வெர்ட்டர் காட்டினான்.
வண்டியின் பன்னிரண்டை இருநூற்று முப்பதாக ஏற்றுமாம்.
பிறகு புது அடாப்டர் ஒன்று
அதை ஒன்பதாக இறக்குமாம்.
அடுத்த தெருவுக்குப் போக
மாஞ்சோலை ஏறி இறங்கணுமா தம்பி என்றேன்.
விலையைக் குறைத்தான்.

மேலப்பாளையத்தில் கிலுர் மைதீன்
டியூனரைக் குப்புறப் போட்டு வாசித்தான்:
ஒன்பது வோல்ட், ஒரு ஆம்பியர், நடுவில் பிளஸ்.
பேட்டரியில் மீட்டரை வைத்தான்.
நிற்கையில் பன்னிரண்டரை.
ஓடுகையில் பதினாலைத் தாண்டியது.
"பன்னெண்டுங்கிறது பேருதான் யக்கா.
கிளம்பிட்டா எதுவும் சொன்ன கணக்குல நிக்காது.
நேராக் குடுத்தா சவம் கருகிரும்."

பாதித் தீப்பெட்டி அளவில் ஒரு பலகை,
அதன் ஓரத்தில் பித்தளைத் திருகு.
எள்ளளவு எள்ளளவாகத் திருப்பினான்.
பதினொன்று, பத்து, ஒன்பதே முக்கால்.
ஒன்பதில் கையை எடுத்துவிட்டு
அப்புறம்தான் மூச்சு விட்டான்.
பேட்டரியை ஒட்டி
கண்ணாடி ஃபியூஸ் ஒன்றையும் செருகினான்.
"எரியணும்னா இது எரியட்டும்,
அஞ்சு ரூவாதான்."
இதை யாராவது எனக்குப்
பத்து வருஷம் முந்திச் சொல்லியிருக்கலாம்.

களக்காட்டில் இலைக்கட்டு ஏற்றி
நாலரைக்குப் புறப்படுவேன்.
முதல் நாள், மிதிக்க மிதிக்க
ஒரு சீழ்க்கை கூடவே ஏறியது,
கியர் மாற்றினால் இறங்கியது.
வாசிக்கிற ஆளுக்குப் பின்னால் நின்று
என் கால் பேசிக்கொண்டே வந்தது.
கிலுர் எர்த் வயரை இடம் மாற்றிக் கட்டினான்.
கால் வாயை மூடிக்கொண்டது.

மறதி மட்டும் தீரவில்லை.
சாவியை அணைத்தால் இதற்கு எல்லாம் போச்சு.
நாங்குநேரியில் டீ குடித்துவிட்டு வந்து திருகினால்
நாலு பூஜ்யம் மினுக்கும்.
மணி தெரியாது, நிலையம் தெரியாது.
சுவரை நம்பிச் செய்த பொருள்,
வானத்தை அடியிலிருந்து தடவிக்கொண்டே வரும்.
மூன்றடைப்பு தாண்டும்போது
எதையாவது பிடிக்கும்.

சாவிக்குக் கட்டுப்படாத வயர் ஒன்று
பேட்டரியிலிருந்தே இழுத்துப் பார்த்தோம்.
மறக்கவில்லை.
விடிய விடிய முழித்துக் கிடந்து
மணி காட்டியது, ஆளில்லாத வண்டிக்குள்.
நாலு நாள் வண்டியை எடுக்கவில்லை, மழை.
முகூர்த்தத்துக்கு முந்தின அதிகாலை
கூரை வரை இலை ஏற்றிச் சாவியைத் திருப்பினேன்.
டிக் என்றது, அவ்வளவுதான்.
சுமைக்காரப் பயல்கள் பஸ் ஸ்டாண்டு வரை தள்ளினார்கள்.
"பிரமுக்கா, பொட்டிக்கு ஞாபகம் இருக்கு,
வண்டிக்குத்தான் போச்சு."
அன்றைக்கு நயினார்குளத்தில்
பாதி விலைக்குத்தான் இலை போனது.
அந்த வயரை இலை அறுக்கிற கத்தியாலேயே அறுத்தேன்.
நுனியில் டேப் சுற்றினேன்,
அது முக்கியம்.

நேற்று போனில் ஒரு படம் வந்தது.
சுவர், பிளக்கில் அடாப்டர்,
அதன் சின்னச் சிவப்பு வெளிச்சம்.
கீழே ஒரு வரி: இது இங்கன கிடக்கு, வேணுமா.
எதையும் ஓட்டாமல்
இத்தனை நாளும் சூடாகிக்கொண்டே இருந்திருக்கிறது.
பதில் போடவில்லை.
டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்து திருகினேன்.
நாலு பூஜ்யம்.

இப்போது அணை நீர்மட்டம் வாசிக்கிறார்கள்.
பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு,
அடி அடியாக.
கொடுமுடியாறுக்கு வருமுன்
பாலத்து மேட்டில் வண்டி தூக்கிப் போட்டது.
சீட்டிலிருந்து எழும்பப் பார்த்து
பெல்ட்டுக்குள் அமர்ந்து
எண்ணை முழுசாகச் சொல்லி முடித்தது.