ஸ்கோர்

கார்லைல் மருத்துவமனை, எலும்பு முறிவு வார்டு.
கடா முட்டி இடுப்பு உடைந்து கிடக்கிறாள்
டாமசின் மோசப்.
"வலிக்கு ஸ்கோர் எவ்வளவு சொல்வீங்க?
பூஜ்யத்திலிருந்து பத்துக்குள்ளே."
பேனாவோடு நிற்கிறாள் நர்ஸ்.

டாமசினுக்கு அந்தச் சொல்
பேனாவின் வேலை இல்லை, கத்தியின் வேலை.
பட்டிக் கதவுக் கட்டையில்
ஒரு கீறு என்றால் இருபது ஆடு.
கைவிரல், கால்விரல் எல்லாம் தீர்ந்த இடத்தில்
மரத்தில் ஒரு வெட்டு.
வடகடல் தாண்டிக் கொள்ளைக்கு வந்து
குடியிருந்துவிட்டவர்கள்
இறக்கிவைத்துப் போன சொல்.

அப்புறம் அது மதுக்கடைச் சுவரேறிக் கடனானது.
கடன் முற்றிப் பகையானது.
மேட்டுக் கல்வேலியை ஓரடி நகர்த்திய பர்க்கெட்டோடு
அவளுக்கு ஒரு பழைய கணக்கு,
அதற்கும் இங்கே அதே பெயர்தான்.
போன டிசம்பரில் செத்துப்போனான்,
தீர்க்காமலே.

பக்கத்துக் கட்டிலைப் பார்க்க வந்தவர்
காதில் ரேடியோ.
"ஸ்கோர் என்ன?" என்கிறது கட்டில்.
"ஒண்ணுக்கு ஒண்ணு."

நர்ஸ் காத்திருக்கிறாள்.
டாமசின் கண்ணை மூடித் தன்னைத்தானே
பட்டிக்குள் ஓட்டிப் பார்க்கிறாள்.
"ஒண்ணு."

நல்லது என்று எழுதிக்கொண்டு
ஒரே ஒரு மாத்திரை தந்துவிட்டுப் போகிறாள் நர்ஸ்.

விடியும்போது
கட்டில் கம்பியின் வெள்ளைப் பூச்சில்
நகத்தால் இழுத்த கோடுகள், மூன்று.
துப்புரவுக்கு வந்த பையன் ஸ்பிரிட் தொட்டுத்
தேய்த்துப் பார்க்கிறான்.
போகவில்லை.